ஒரு துளி கூடாது

டிசம்பர் 3

அரசி இன்று காலை ரயிலில் பெங்களூர் போனாள். அங்கே ஓர் ஆய்வகத்தில் கருவிகளைப் பயன்படுத்த அனுமதி கிடைத்திருக்கிறது. பிப்ரவரி கடைசியில்தான் வருவாள்.

மொட்டை மாடியில் மூன்று மண் தட்டுகள். அவற்றில் அவளுடைய புல். அவளுடைய முனைவர் பட்டம் மொத்தமும் அந்த மூன்று தட்டுகளில் இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டியது நான். பார்த்துக்கொள்வது என்றால் எதுவும் செய்யாமலிருப்பது.

நடைமேடையில் மறுபடியும் சொன்னாள்.

"தண்ணி ஊத்தாத மாறா. அவ்வளவுதான்."

"செத்துட்டா?"

"சாகாது. செத்த மாதிரி இருக்கும்."

"ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"தெரியாது. தண்ணி ஊத்தினாத்தான் தெரியும். அதனாலதான் ஊத்தாதங்கிறேன்."

ரயில் நகர்ந்தது. கையசைக்க மறந்துவிட்டாள். மாடிக்குப் போகும் கதவைத் தாழ்ப்பாள் போடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

டிசம்பர் 4

மேலே கட்டியிருந்த துணியை விலக்கி, முதல் முறையாகக் குனிந்து பார்த்தேன். திருமணமான இரண்டு வருடத்தில் முதல் முறை. அவளிடம் சொல்ல முடியாது.

என் சுண்டுவிரலின் முதல் கணு அளவு உயரம். அதுதான் முழு வளர்ச்சி. இலை நூல் மாதிரி. கதிர் இன்னும் மெல்லிய நூல், பக்கவாட்டில் லேசாக வளைந்திருக்கிறது. விதைகள் தண்டுக்குள்ளேயே குழி வெட்டி உட்கார்ந்தது போல. ஒரு கொத்து முழுவதையும் கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

இது நெல்லுக்கும் மூங்கிலுக்கும் உறவு என்று அரசி சொன்னபோது சிரித்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

இதற்கு ஊரில் யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. மாடு மேயாது, கூரைக்கு ஆகாது, சாமிக்கும் ஆகாது. லத்தீனில் நீளமாக ஒன்று இருக்கிறது. அரசி 'குட்டி' என்கிறாள்.

டிசம்பர் 6

இந்தத் தட்டுகள் எப்படி வந்தன என்பதை எழுதி வைக்கிறேன். அவள் பல தடவை சொன்னது. நான் பாதிதான் கேட்டிருக்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தாழ்ந்த பாறை. மேலே பள்ளங்களில் இரண்டு விரல் ஆழத்துக்கு மண். அதில்தான் இது இருந்தது. மழைக்குப் பச்சை, மற்ற நாள் முழுக்கச் சருகு. முதல் வருடம் அரசி கொஞ்சம் பெயர்த்து வந்து நல்ல செம்மண், மண்புழு உரம், தினமும் தண்ணீர் என்று வளர்த்தாள். ஒரு மாதத்தில் அழுகிப்போனது. இரண்டாம் தடவை உரத்தைக் குறைத்தாள். அதுவும் அழுகியது. மூன்றாவது தடவை கோபத்தில் வெறும் சரளையில் போட்டாள். வளர்ந்தது.

அடியில் செங்கல் துண்டு. மேலே ஆற்று மணலும் பொடிச் சரளையும். ஒரு கை செம்மண், அவ்வளவே. விதையைப் புதைக்கக் கூடாது. மண்ணின் மேல் தூவி உள்ளங்கையால் அழுத்த வேண்டும். தண்ணீரை மேலிருந்து ஊற்றக் கூடாது. தட்டை நீரில் வைத்தால் அதுவே கீழிருந்து குடித்துக்கொள்ளும். வேர் பிடித்த பிறகு மறந்துவிட வேண்டும்.

கடைசி விதிதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம்.

போன ஆனியில் அந்தப் பாறைக்கு வெடி வைத்துவிட்டார்கள். கல் குவாரி. நாங்கள் போனபோது பாறை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய குழி இருந்தது. அரசி அதன் ஓரத்தில் வெகுநேரம் நின்றாள். அந்தப் பாறையின் புல் இனி இந்த மூன்று தட்டுகளில் மட்டும். வேறு பாறையின் புல்லைக் கொண்டுவந்து இந்த ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது.

டிசம்பர் 9

கல்லூரியில் துறைத்தலைவர் அறையில் பத்து நிமிடம். தேநீர் வரவழைத்தார். தற்காலிக விரிவுரையாளர்கள் இனி வேண்டாமாம், அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம் என்றார். கைகுலுக்கினார். பேருந்தில் ஏறிய பிறகு பார்த்தேன், சட்டைப் பையில் பாதிச் சாக்பீஸ்.

அரசி தொலைபேசியில் பேசினாள். தட்டுகளைப் பற்றிக் கேட்டாள். நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

டிசம்பர் 10

எட்டரைக்குக் கிளம்பினேன். மாவட்ட மைய நூலகம். ஐந்துக்குத் திரும்பினேன்.

டிசம்பர் 11

அதேதான்.

டிசம்பர் 15

தட்டுகளின் மேல் அரசி பருத்தித் துணி கட்டிவிட்டுப் போயிருந்தாள். இன்று அவிழ்க்கச் சொன்னாள்.

துணி எதற்கு என்று கேட்டேன். மெதுவாகக் காய வேண்டுமாம். ஒரே நாளில் காய்ந்தால் எல்லாச் செடியையும் போல இதுவும் செத்துவிடும். ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால், போவது தெரிந்து தயார் செய்துகொள்ளும். செல்களுக்குள் சர்க்கரை சேர்க்கும். இலையை உள்பக்கமாகச் சுருட்டிக்கொள்ளும். பச்சையத்தை வீசி எறியாமல் உள்ளே பத்திரமாக மடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீரே இல்லாத நிலைக்குப் போய் அப்படியே நின்றுவிடும்.

"அப்ப அதுக்குள்ள என்ன நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல."

"உயிர்?"

"அதைத்தான் மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

நான் மெய்யியல் படித்தவன். இருப்பு பற்றி நூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவன். இந்தக் கேள்வியை ஒரு தட்டுப் புல்லிடம் இப்படி நேராகக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

டிசம்பர் 24

முழுக்கப் பழுப்பு. தொட்டால் நொறுங்கும் போலிருக்கிறது. தொடவில்லை.

துணி காயப்போட வந்த வீட்டுக்கார அக்கா, வேதவல்லி அக்கா, தட்டுகளைப் பார்த்து நின்றார்.

"என்ன தம்பி, எல்லாம் போச்சா?"

"இல்லக்கா, அது அப்படித்தான் இருக்கணும்."

"காய்ஞ்சு கெடக்கணுமா?"

"ஆமாக்கா. தண்ணி ஊத்தக் கூடாதுன்னு அரசி சொல்லிட்டுப் போயிருக்கா."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். ஃபேன் தொடைக்கச் சொன்னா, தொடைச்சா காத்து கொறையும்பாரு."

போகும்போது வாளித் துணியைப் பிழிந்த தண்ணீரைத் தட்டுகளின் பக்கம் கொட்டப் போனார். பாய்ந்து தடுத்தேன். "சரி சரி," என்றார். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை இல்லை.

ஜனவரி 2

நூலகத்தில் தாவரவியல் அலமாரியின் முன் உட்கார ஆரம்பித்திருக்கிறேன். கவிதை அலமாரி பக்கத்தில்தான். இன்னும் அங்கே போகவில்லை.

நான்கு மாதமாக ஒரு கவிதை வரி எழுதவில்லை. அரசிக்குத் தெரியும். கேட்பதில்லை.

ஜனவரி 8

நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துக்கொள்ளும் லென்ஸ் ஒன்று அரசியின் மேசையில் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன்.

ஒவ்வொரு இலையும் நீளவாக்கில் மூடிய கதவு. ஒரு இலை கூட அவசரத்தில் மூடவில்லை. ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. ஒரு கொத்தில் நூறு இலைகளாவது இருக்கும், நூறும் இப்படி.

இவ்வளவு சின்ன ஒன்றுக்கு இவ்வளவு ஒழுங்கு தேவையா? அதைப் பார்க்க யாரும் வரப்போவதில்லையே.

ஜனவரி 14. போகி

எட்டரைக்குக் கிளம்பினேன். தெருமுனையில் அதிகாலையில் எரித்த குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அக்கா வாசலில் ஒட்டடைக் கம்போடு நின்றார்.

"போகி அன்னைக்குமா காலேஜு?"

"ஸ்பெஷல் கிளாஸ்க்கா."

"நல்ல காலேஜு போ."

நூலகம் பூட்டியிருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்தேன். கரும்புக் கட்டுகளோடு ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நான்கு மணிக்குமேல் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். மாடி பளிச்சென்று இருந்தது. தரை கழுவி, நடுவில் அடுப்புக்கு மூன்று செங்கல். நாளைக்கு அங்கேதான் அக்கா பொங்கல் வைப்பார். கைப்பிடிச் சுவரோரம் மூன்று மண் தட்டுகள், கழுவி, காய்ந்து, வரிசையாக. உள்ளே புதுக் கறுப்பு மண். ஈரம்.

அக்கா பின்னாலேயே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வெந்தயம் போட்டிருக்கேன் தம்பி. அரசி வர்றப்ப பச்சைப் பசேல்னு இருக்கும். நீ காயவிட்டதா நான் மூச்சு விடமாட்டேன், பயப்படாத."

"அதுல இருந்தது எங்கக்கா?"

"தட்டின உடனே அடை மாதிரி வந்துடுச்சு. பழைய பாய், தொடப்பம் எல்லாத்தோடயும் சேர்த்துத் தெருமுனைல போட்டாச்சு. போகில்ல?"

நான் இறங்கி ஓடியதை அக்கா இன்னும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்.

தெருமுனையில் சாம்பல். பாயின் கோரை கருகி நின்றது. கையால் கிளறினேன். சூடு இருந்தது. பாதிக் குவியலை மாநகராட்சி வண்டி அள்ளிப் போயிருந்தது. மீதியில், சாம்பலுக்கு அடியில், ஒரு துண்டு கிடைத்தது. தோசையின் ஓரம் போல ஒரு மண் பொருக்கு. மேல்பக்கம் கருகிய முடி. அடுத்து இன்னொன்று. இருட்டும் வரை தேடினேன். ஒரு கைப்பிடி.

வீட்டில் இருந்திருந்தால் துணி பிழிந்த தண்ணீரைத் தடுத்ததுபோல இதையும் தடுத்திருப்பேன்.

ஜனவரி 15. பொங்கல்

காலையில் வார்டு குப்பைக் கொட்டகைக்குப் போனேன். வழியெல்லாம் வாசலில் கோலம். கொட்டகையில் நீலச் சட்டை போட்ட ஓர் அம்மா மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மரியபுஷ்பம் என்று சட்டையில் எழுதியிருந்தது.

"பொங்கலுக்கும் வேலையாக்கா?"

"நீங்க போகிக்கு எரிக்கிறத அப்புறம் யாரு அள்ளுறது? என்ன விஷயம், நகையா?"

"இல்ல. புல்லு."

"என்னது?"

"புல்லுக்கா. காய்ஞ்ச புல்லு. மண்ணோட இருக்கும்."

அவர் திரும்பிக் கொட்டகைக்குள் இருந்தவரிடம் குரல் கொடுத்தார். "ஏ அந்தோணி, இங்க வா. இவரு குப்பைல வந்து புல்லத் தேடுறாரு." பிறகு என்னிடம், "யாரு புல்லு?"

"என் மனைவி வளர்த்தது. ஊருக்குப் போயிருக்கா."

"அப்படிச் சொல்லுங்க. பொண்டாட்டிக்குப் பயமா?"

"ஆமாக்கா."

"அப்ப தேட வேண்டியதுதான்." எங்கள் தெரு மூட்டைகளைக் காலால் தள்ளிவிட்டார். "எல்லாம் இங்கதான் கெடக்கு. நாளைக்கு வந்திருந்தா லாரி ஏறியிருக்கும்."

மூன்று மூட்டைகள். சாம்பல், கருகிய துணி, காலண்டர் அட்டை, வாழை இலை, அழுகிய தக்காளி. தக்காளிக்குப் பக்கத்தில் இருந்தவை கையில் குழைந்தன. அவற்றைக் கீழே வைத்தேன். காய்ந்த மூட்டையில் இருந்தவற்றை மட்டும் என் தோள்துண்டில் சேர்த்தேன். பக்கத்துத் தெருவில் குலவைச் சத்தமும் பொங்கலோ பொங்கலும் கேட்டன. மரியபுஷ்பம் அக்கா ஒரு பொருக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு? செத்துப்போன மாதிரில்ல இருக்கு."

"அப்படித்தான்க்கா இருக்கும்."

சொல்லும்போது எனக்கே அது ஃபேன் தொடைக்காதவன் பேச்சு மாதிரித்தான் இருந்தது.

மூன்று தட்டில் இருந்தது மொத்தமும் இப்போது ஒரு தட்டில் அடங்கும், அதுவும் பாதிதான். பாதிக்கு மேல் கருகியவை.

மதியம் அரசியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். கேள்விகள்தான் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, குரல் உயராமல்.

"நனைஞ்சுதா?"

"சிலது. அதை எடுக்கல."

"வேர்ப் பக்கம் மண்ணு ஒட்டியிருக்கா?"

"இருக்கு."

"நுனி மட்டும் கருகியிருக்கா, அடி வரைக்குமா?"

"ரெண்டும் இருக்கு. எப்படித் தெரியும் அரசி? எல்லாம் ஒரே நிறம்."

"சரி. வெந்தயத்தை எடுத்துட்டுத் தட்டை நல்லாக் காய வை. காய்ஞ்ச மணல் போட்டு, அது மேல துண்டுகளை அடுக்கு. அழுத்தாத. நிழல்ல வை."

"ஒண்ணுல மட்டும் தண்ணி விட்டுப் பாக்கட்டுமா? உயிர் இருக்கான்னு தெரிஞ்சுடும்ல."

"ஒரு துளி கூடாது."

"ஒரே ஒரு துண்டு."

"மாறா. எந்திரிச்சா எந்திரிச்சதுதான். மறுபடி மெதுவாத் தூங்க வைக்க உனக்குத் தெரியாது, ஒரே நாள்ல காய்ஞ்சுடும். மிச்சம் இருக்கறது எனக்கு வேணும். நான் வந்து ஊத்தறேன். அது வரைக்கும் தெரியாமலே இருப்போம்."

'இருப்போம்' என்றாள். என்னையும் சேர்த்து.

போனை வைக்கும் முன் கேட்டாள்.

"போகிக்கு உங்க காலேஜ் லீவுதானே? நீ எங்க போயிருந்த?"

கேட்கவில்லை, சிக்னல் சரியில்லை என்றேன். நன்றாகவே கேட்டது.

ஜனவரி 17

எட்டரைக்குக் கிளம்பவில்லை.

துண்டுகளைத் தட்டில் அடுக்கினேன். காலையில் ஆரம்பித்து மதியம் வரை. ஒவ்வொன்றுக்கும் எது மேல் எது கீழ் என்று லென்ஸில் பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா வந்து நின்றார். போகியிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பொங்கலன்று மாலையே அரசி அவரோடு பேசியிருக்கிறாள். திட்டவில்லையாம். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

"ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும் தம்பி. 'நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க'ங்குது. நான் சோறு எப்படித் திங்கிறது?"

பிறகு, "காலேஜ் போகலையா?" என்றார்.

"இல்லக்கா."

"இன்னைக்கா, இனிமேயா?"

"இனிமே."

இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் மொச்சைக் குழம்போடு வந்தார்.

ஜனவரி 22

பனி. காலையில் கைப்பிடிச் சுவரில் விரலால் கோடு போடும் அளவுக்கு ஈரம். பனியை நான் யோசிக்கவில்லை. நல்லவேளை, தட்டு படிக்கட்டுக் கூரைக்கு அடியில் இருந்தது. இனி சாயங்காலம் உள்ளே எடுத்து வந்துவிடுவது. அலமாரியின் மேல்தட்டு வசதியாக இருக்கிறது. அங்கே இருந்த கவிதைத் தொகுப்புகளை இறக்கித் தரையில் அடுக்கினேன்.

ஜனவரி 29

இன்று அக்காவும் நானும் ஏறக்குறையக் குற்றவாளிகள் ஆகியிருப்போம்.

"ஓரமா ஒண்ணே ஒண்ணுல தண்ணி விடுவோம்," என்றார். "அது தெரியாத மாதிரி இருக்கும். அரசிகிட்ட நாம சொல்ல வேணாம்."

"கூடாதுக்கா."

"உனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இல்லையா?"

"இருக்கு."

"எனக்குத் தூக்கம் வரல தம்பி. பொழைக்கும்னா நிம்மதி. பொழைக்காதுன்னா அதையாச்சும் தெரிஞ்சுக்கிட்டு அழுது முடிச்சுடுவேன்."

அவர் போன பிறகு ஒரு கரண்டியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தட்டின் முன் நின்றேன். மூலையில் ஒரு துண்டு, மற்றவற்றிலிருந்து தள்ளி. நானே குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 6

இது ஒரு விதத்தில் அதிசயம்தான். பெயர்த்துக் கொட்டி, தணலில் கிடந்து, மூட்டையில் உருண்டு, தோள்துண்டில் சுற்றி வந்திருக்கிறது. வேறு எந்தச் செடியாக இருந்தாலும் கேள்வியே இல்லை. இதில் மட்டும் இன்னும் கேள்வி இருக்கிறது.

உயிரோடு இருக்கிறது என்று நான் நம்பவில்லை. இல்லை என்றும் நம்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாள் நிற்க முடியும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அரசி மூன்று வருடமாக அங்கேதான் குடியிருக்கிறாள்.

பிப்ரவரி 11

அரசியின் நெறியாளர் கூப்பிட்டார். பழைய ஆங்கிலப் பேராசிரியர் போலத் தமிழ் பேசுவார். மூன்று தட்டும் முழுதாக இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை ஏற்க முடியாது என்றார். "ஷி நோஸ்," என்றார். "அந்தப் பொண்ணுதான் எனக்கு முதல்ல சொன்னா."

என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

இரண்டு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். ஆனால் எழுதினேன்.

பிப்ரவரி 24

அரசி வந்தாள். ரயில் ஒரு மணி நேரம் தாமதம். இளைத்திருந்தாள். வழியில் ஆட்டோவில் பெங்களூர்க் குளிரைப் பற்றியும் விடுதிச் சாம்பாரின் இனிப்பைப் பற்றியும் பேசினாள். வீட்டுக்குள் பையை வைத்துவிட்டு நேராக மாடிக்குப் போனாள்.

தட்டின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள். நான் தலைகீழாக வைத்திருந்த ஒன்றைத் திருப்பினாள். அப்புறம் அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தட்டை அதில் இறக்கினாள். தண்ணீர் கீழிருந்து ஏறியது. மணல் ஓரத்திலிருந்து நடு வரை கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் துண்டுகளும் கறுத்தன. அக்கா படிக்கட்டில் பாதியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேலே வரவில்லை.

சாயங்காலத்துக்குள் இலைகள் விரிய ஆரம்பித்தன.

"விரியுது அரசி!"

"விரியறத நம்பாத," என்றாள். "செத்த இலையும் தண்ணிய உறிஞ்சும். அதுவும் விரியும். காகிதம் ஊறுற மாதிரி. நாளைக்கு நிறத்தைப் பாரு."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் கால்களை நீட்டிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"டிசம்பர்லயே முடிஞ்சுடுச்சு," என்றேன். "காலேஜ்."

"ம்."

"தெரியுமா?"

"பொங்கல் அன்னைக்குத் தெரிஞ்சுது."

"ஒரு வார்த்தை கேக்கல நீ."

"நீயா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன். நானா கேட்டா நீ வேற ஒண்ணு சொல்லுவ." தாம்பாளத்தை நேராக நகர்த்திவிட்டு, "கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றாள்.

பிப்ரவரி 25

விடிந்ததும் இருவரும் மாடிக்குப் போனோம். அவள் முதலில் லென்ஸில் பார்த்தாள். தட்டின் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கி, வரிசை மாற்றாமல், அவசரப்படாமல். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரும்பாலானவற்றைக் கடந்து போனாள். பிறகு நின்றாள். லென்ஸை என்னிடம் நீட்டினாள்.

நடுவில் மூன்று துண்டுகள். சாம்பலுக்கு அடியில் கிடைத்தவையா, மூட்டையில் கிடைத்தவையா, நினைவில்லை. இலைகளின் நுனி கருகிக் கறுப்பாக இருந்தது. அடியிலிருந்து பச்சை ஏறியிருந்தது. புதுத் துளிர் இல்லை, அதே பழைய இலைகள். கருகாத பகுதி வரை பச்சை வந்து, கறுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டதுபோல நின்றிருந்தது. மடித்து வைத்திருந்ததை எடுத்து விரித்திருக்கிறது. எரிந்ததை அப்படியே விட்டிருக்கிறது.

"நுனிய வெட்டிடலாமா?"

"வேணாம். அதுக்கு அது பாரமில்ல."

மற்ற துண்டுகள் பழுப்பாகவே இருந்தன. அவற்றையும் அரசி எடுக்கவில்லை. சாயங்காலம் வரை பார்க்க வேண்டும் என்றாள். மறுபடி மூன்றையும் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

"அந்தப் பாறை போகல மாறா," என்றாள்.

அக்கா இந்தத் தடவை மேலே வந்துவிட்டார். "பொழைச்சுதா?"

"கொஞ்சம்க்கா."

"கொஞ்சம்னா?"

அரசி காட்டினாள். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொடுத்ததும் தட்டின் மேல் குனிந்தார். பிறகு, "இம்மாத்தூண்டு," என்றார்.

அந்த அத்தியாயம் போய்விட்டது. அரசி அதை மறைக்கவில்லை. இந்த மூன்றையும் பெருக்கி, கதிர் விட வைத்து, விதை எடுத்து, மறுபடி தட்டுகள் நிரம்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் காயவைப்பது.

"இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்," என்றாள்.

"சரி."

"சரின்னா?"

"நான் வளர்க்கிறேன். நீ மிச்ச அத்தியாயத்தை எழுது."

அவள் என்னைப் பார்த்தாள். தட்டில் எதைத் தேடினாளோ அதைத் தேடுவதுபோல இருந்தது.

"தினமும் தண்ணி ஊத்துவியா?"

"மாட்டேன்."

"உரம்?"

"மாட்டேன்."

"அப்ப போய் மணல் சலி. பொடிச் சரளை தனியா, மணல் தனியா. தூசி இருக்கக் கூடாது."

பின்கட்டில் மணல் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், சலிக்க எதுவும் இல்லை. முறத்தால் புடைத்துப் பார்த்தேன். தூசி முழுக்க என் மேலேயே வந்தது. வேதவல்லி அக்கா சமையலறைச் சன்னலிலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாங்க முடியாமல் தன் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கழுவித் தரணும்," என்றார். கொடுக்கவில்லை. அவரே குந்தி உட்கார்ந்து சலிக்க ஆரம்பித்தார்.